கையடக்க பிளேயரில் கூத்தும் கல்யாண வீடியோவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் ரேடியோ, செல்போன், கையடக்க வீடியோ பிளேயர் எல்லாம் பழுதுபார்க்கும் சின்னக் கடை என்னுடையது. வத்தல்மலை, சித்தேரி, ஏரியூர் பக்கத்திலிருந்தும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். "பிளேயர் கெட்டுவிட்டது" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் பிளேயரில் ஒரு குறையும் இருக்காது. உள்ளே ஏற்றிய வீடியோ அந்தப் பிளேயருக்குப் பொருந்தாததாக இருக்கும். ஒரே கேள்விக்கு நாளுக்கு நான்கு முறை பதில் சொல்கிறேன். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கையில் போன் இருக்கும்போது தனியாக ஒரு பிளேயர் எதற்கு?

நல்ல போனும் அதில் போதிய இடமும் இருந்தால் தேவையில்லை. கடைக்கு வருபவர்களிடமும் இதையே சொல்கிறேன். ஆனால் மாடு ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறவருக்குப் போனில் இருக்கும் சார்ஜ் வீட்டுக்குப் பேசுவதற்கு வேண்டும். அதைப் படம் பார்த்துத் தீர்த்துவிட்டால் ஓர் அவசரத்துக்குக் கூப்பிட முடியாது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் பத்து நாள் தங்குகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். வயதானவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. தொடுதிரையில் காய்ப்பு ஏறிய விரல் பட்டால் ஒன்று நடக்கும், ஒன்று நடக்காது. அழுத்தினால் "டக்" என்று உள்ளே போகும் பொத்தான் அவர்களுக்குப் புரிகிறது. ஒரு பொத்தான் ஓட்டவும் நிறுத்தவும், ஒன்று அடுத்ததற்குப் போக, ஒன்று சத்தம் கூட்ட. இருட்டிலும் தடவியே இயக்கிவிடுவார்கள்.

எம்பி3, எம்பி4, எம்பி5 என்கிறார்களே, எண் கூடினால் தரமும் கூடுமா?

கூடாது. எம்பி3 என்பது ஒலியைச் சுருக்கும் ஒரு முறை. எம்பி4 என்பது படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் கோப்பு வகை. எம்பி5 என்று எந்தத் தரநிலையும் கிடையாது. பெட்டி விற்பதற்காக அச்சடித்த பெயர் அது. அந்தப் பெயரைப் பார்த்துக் கூடுதலாகப் பணம் கொடுக்காதீர்கள். திரையின் அளவு, எந்த வகை வீடியோவை எடுக்கும், எத்தனை ஜிபி கார்டு வரை ஏற்கும், பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா, இந்த நான்கையும் கேட்டு வாங்குங்கள்.

இந்தச் சாதனங்களின் காலம் நீளமானது அல்ல. ஆர்க்கோஸ் நிறுவனம் 2002-இல் வீடியோ ஓடும் ஒரு கையடக்கப் பெட்டியைக் கொண்டுவந்தது. 2005-இல் ஆப்பிளின் ஐபாட் (iPod) என்ற பாட்டுப் பெட்டியில் வீடியோ வந்தது. அதன் திரை இரண்டரை அங்குலம், அகலவாக்கில் 320 புள்ளி, உயரவாக்கில் 240 புள்ளி. 2022-இல் ஐபாட் உற்பத்தியை ஆப்பிள் நிறுத்தியேவிட்டது. ஆனால் அந்த 320க்கு 240 என்ற அளவு இன்றும் மலிவான பிளேயர்களில் உயிரோடு இருக்கிறது.

என்னிடம் இருப்பதும் எம்பி4 வீடியோ, பெட்டியிலும் எம்பி4 என்றுதான் போட்டிருக்கிறது. பிறகு ஏன் ஓடவில்லை?

எம்பி4 என்பது தூக்குப் பாத்திரம் மாதிரி. வெளியே பார்த்தால் எல்லாத் தூக்கும் ஒன்றுதான். மூடியைத் திறந்தால்தான் உள்ளே களியா, சோறா, கூழா என்று தெரியும். உள்ளே இருப்பதைத்தான் பிளேயர் சாப்பிட வேண்டும். உள்ளிருக்கும் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதைக் குறிக்கும் சொல்தான் கோடெக். 2003-இல் வந்த எச்.264 இன்று பரவலாக இருப்பது. 2013-இல் வந்த எச்.265, அதே தரத்தை இன்னும் சிறிய அளவில் அடக்கும், ஆனால் விரித்துக் காட்டுவதற்கு வலுவான சில்லு வேண்டும். பழைய பிளேயருக்கு அந்த வலு இல்லை.

எது பொருந்தவில்லை என்பதை அறிகுறியை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். சத்தம் மட்டும் கேட்டுத் திரை கருப்பாக இருந்தால் படத்தின் கோடெக் ஒத்துவரவில்லை. படம் ஓடி, சத்தம் வராவிட்டால் ஒலியின் கோடெக் ஒத்துவரவில்லை. படம் தத்தித் தத்தி ஓடினால் கோடெக் சரி, புள்ளி அளவோ பிட்ரேட்டோ (ஒரு விநாடி வீடியோவுக்குக் கொடுக்கும் தகவலின் அளவு) பிளேயரின் சக்திக்கு மிஞ்சியிருக்கிறது. கோப்பின் பெயரே பட்டியலில் வராவிட்டால் கோப்பு வகையோ கார்டோ காரணம்.

வீடியோவைப் பிளேயருக்கு ஏற்றபடி மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கணினி மென்பொருள் போதும். எச்.264, அதில் 'பேஸ்லைன்' என்ற எளிய வகை, ஒலிக்கு ஏஏசி என்ற சுருக்கும் முறை, அகலம் உங்கள் திரையின் அகலம். நான் இப்படித்தான் தொடங்குகிறேன். முழுப் படத்தையும் மாற்றி முடித்து, கார்டில் ஏற்றி, அதன்பின் ஓடவில்லை என்று தலையில் கை வைக்க வேண்டாம். ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால் மீதியையும் அதே அமைப்பில் மாற்றலாம். இந்த ஒரு பழக்கம் எனக்கு எத்தனையோ இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

மகன் வாங்கிக் கொடுத்த புதுப் போனில் எடுத்த வீடியோ, பழைய பிளேயரில் கருப்பாகத் தெரிகிறது.

புதுப் போன்கள் பல எச்.265-இல் பதிவு செய்கின்றன. கேமரா அமைப்புக்குள் போய் 'உயர் செயல்திறன்' என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். ஐபோனில் 'மிகவும் இணக்கமானது' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி எடுப்பவை எச்.264-இல் பதிவாகும். ஏற்கெனவே எடுத்ததை மாற்றித்தான் ஆக வேண்டும்.

போனில் நேராக இருக்கும் வீடியோ, பிளேயரில் படுத்துக்கொண்டு ஓடுகிறதே?

போனை எந்தப் பக்கம் பிடித்தாலும் கேமரா பதிவு செய்யும் படம் ஒரே வாக்கில்தான் இருக்கும். "இதை இத்தனை பாகை திருப்பிக் காட்டு" என்று கோப்பின் ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்கும். போன் அந்தக் குறிப்பைப் படிக்கும், பழைய பிளேயர் படிக்காது. ஹேண்ட்பிரேக்கில் ஒருமுறை மாற்றினால் படமே திரும்பிவிடும். ஆனால் நிற்கவைத்து எடுத்த வீடியோ, அகலத்திரையில் நடுவே ஒரு ரிப்பன் போலத்தான் தெரியும். ஆகவே பிளேயரில் பார்க்கப்போகிறவருக்காக எடுக்கும்போது போனைப் படுக்கவைத்துப் பிடியுங்கள்.

முதலில் சரியாக இருக்கிறது, போகப்போக வாயசைவும் குரலும் விலகிவிடுகின்றன. ஏன்?

போன் எப்போதும் விநாடிக்குச் சரியாக 30 படம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். மலிவுப் பிளேயர் அதைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் ஓட்டும், ஒலி தன் போக்கில் ஓடும். மாற்றும்போது 'மாறாத பட வேகம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் சேர்ந்து நடக்கும்.

கூத்து வீடியோவை ஏற்றினால், ஆடும்போது மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது. பிளேயர் பழுதா?

எங்கள் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கூத்தை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

வீடியோவைச் சுருக்கும்போது ஒவ்வொரு படமும் முழுதாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒரு முழுப் படம் இருக்கும். அதற்கடுத்து வருபவற்றில், முன் படத்திலிருந்து என்ன மாறியதோ அது மட்டும் இருக்கும். ஒருவர் உட்கார்ந்து பாரதம் படிக்கிறார் என்று வையுங்கள். பின்னாலிருக்கும் துணி அசையாது, வாயும் கையும்தான் அசையும். எழுதி வைக்க வேண்டியது மிகக் குறைவு. கூத்து அப்படியா? திரையைப் பிடித்திருக்கும் இருவர் அதை ஆட்டுகிறார்கள். திரை விலகுகிறது. துரியோதனன் கிரீடமும் புஜகீர்த்தியும் பளபளக்கச் சுழன்று சுழன்று வருகிறான். காலில் சலங்கை, கீழே கிளம்பும் புழுதி, பின்னால் நின்று அசையும் ஆட்கள். கிரீடத்தில் ஒட்டிய ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் விளக்கை ஒரு நொடி பிடித்து விடுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் ஒற்றுமையே இல்லை. அந்த நேரத்தில் கொடுத்திருக்கும் பிட் போதாது. மென்பொருள் வேறு வழியில்லாமல் பெரிய பெரிய கட்டங்களாக அடைத்துவிடுகிறது. நின்று வசனம் பேசும்போது மறுபடியும் தெளிந்துவிடும்.

இதோடு இருட்டும் சேர்கிறது. இரவு வெளிச்சத்தில் எடுத்த படத்தில், கறுப்பான இடமெல்லாம் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் துடிக்கும். நமக்கு அது வெறும் இரைச்சல். மென்பொருளுக்கு அதுவும் ஒரு மாற்றம். அதையும் எழுதி வைக்கப் பிட்டைச் செலவழிக்கும்.

நான் செய்வது இது. முதலில் இரைச்சல் நீக்கியை மெல்லிய அளவில் போடுகிறேன். அதிகம் போட்டால் முகத்தில் எழுதிய அரிதாரக் கோடுகள் மெழுகாகிவிடும். அடுத்து, புள்ளி அளவைத் திரைக்கு மேல் கொடுப்பதில்லை. திரை 480க்கு 272 என்றால் வீடியோவும் அதே அளவு. பெரிய படத்தைக் குறைந்த பிட்டில் அடைப்பதைவிட, சிறிய படத்தைத் தாராளமான பிட்டில் வைப்பது கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. பாரதப் பிரசங்கத்துக்கு விநாடிக்கு 500 கிலோபிட் போதும் என்றால், கூத்துக்கு 1000-க்குக் குறையக் கூடாது என்பது என் கணக்கு. ஒரே அமைப்பில் எல்லாவற்றையும் மாற்றுகிறவர்கள் கடைசியில் கூத்தைத்தான் பலி கொடுக்கிறார்கள்.

படத்தை நீட்டித் திரை முழுவதும் நிரப்பாதீர்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். நீட்டினால் வீமனும் அர்ச்சுனனும் ஒரே பருமனாகிவிடுவார்கள்.

கூத்தில் ஊதும் முகவீணைச் சத்தம் காதைக் கீறுகிறது. வசனம் மட்டும் நன்றாகக் கேட்கிறது.

அது .3gp என்று முடியும் பழைய போன் வீடியோக் கோப்பாக இருக்கும். அதில் ஒலியை ஏஎம்ஆர் என்ற முறையில் வைத்திருப்பார்கள். தொலைபேசியில் பேசுவதற்கென்று உருவாக்கப்பட்ட முறை அது. விநாடிக்கு 8000 மாதிரிகளைத்தான் எடுக்கும், பேச்சுக்கு வேண்டிய அளவோடு நின்றுவிடும். முகவீணையின் மேல் சுரங்களும் தாளத்தின் கிணுகிணுப்பும் அதற்கு மேலே இருப்பவை. மூல வீடியோ இருந்தால் ஏஏசி 128 கிலோபிட்டில் மறுபடி மாற்றுங்கள். பிளேயரில் ஒரே ஸ்பீக்கர் என்றால் ஒற்றைத் தடமாக 64 கிலோபிட் வைத்தாலும் நன்றாகவே இருக்கும். மூலம் இல்லையென்றால், போன சுரத்தை எந்த மென்பொருளும் கொண்டுவராது.

ஒரு கார்டில் எத்தனை இரவுக் கூத்து கொள்ளும்?

எளிய கணக்கு ஒன்று உண்டு. படத்துக்கும் ஒலிக்கும் கொடுத்த கிலோபிட்டைக் கூட்டி 0.45-ஆல் பெருக்கினால், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மெகாபைட் என்று வரும். கூத்துக்கு 1000-மும் 128-மும் சேர்த்து 1128. அதை 0.45-ஆல் பெருக்கினால் சுமார் 508 மெகாபைட். இரவு பத்துக்குத் தொடங்கி விடிய ஆறுக்கு முடிந்தால் எட்டு மணி நேரம், ஏறத்தாழ 4 ஜிபி. 8 ஜிபி கார்டில் ஓர் இரவு தாராளமாகக் கொள்ளும், இரண்டாம் இரவின் கடைசிக் கட்டம் வெளியே நிற்கும். 32 ஜிபி கார்டில் ஏழு இரவு.

போனில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். விநாடிக்கு 17 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 7650 மெகாபைட். ஓர் இரவுக்கே 61 ஜிபி. பிளேயரும் திணறும்.

புதிதாக வாங்கிய 64 ஜிபி கார்டைப் பிளேயர் எடுக்கவே இல்லை.

கார்டுகளில் மூன்று தலைமுறை உண்டு. 2 ஜிபி வரை எஸ்டி, அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கும் மேல் எஸ்டிஎக்ஸ்சி. மூன்றாவது வகை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வருகிறது. பழைய பிளேயருக்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும். கார்டை ஃபேட்32-ஆக மாற்றி வடிவமைத்தால் சில பிளேயர்கள் எடுக்கும், சில எடுக்காது. 32 ஜிபி கார்டு வாங்குவதே நிம்மதி.

32 என்று எழுதிய கார்டு கணினியில் 29.8 என்று காட்டினால் அது மோசடி அல்ல. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024 ஆக எண்ணுகிறது. ஆனால் உண்மையான மோசடியும் சந்தையில் இருக்கிறது. உள்ளே சிறிய கார்டை வைத்து, பெரிய அளவைக் காட்டும்படி செய்திருப்பார்கள். முதலில் ஏற்றிய சில வீடியோக்கள் ஓடும், பின்னால் ஏற்றியவை குப்பையாகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் சோதனை மென்பொருள் கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். கார்டு வாங்கிய அன்றே இதைச் செய்யுங்கள்.

பெரிய வீடியோவை ஏற்றும்போது "கோப்பு மிகப் பெரியது" என்று வருகிறது. இடம் காலியாகத்தானே இருக்கிறது?

ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டக் கூடாது. துண்டாக்குங்கள். முழு இரவையும் ஒரே கோப்பாக வைப்பது வேறு காரணத்துக்காகவும் தவறு. நிறுத்திய இடத்தை நினைவில் வைக்காத பிளேயர்கள் நிறைய. ஐந்து மணி நேரம் தாண்டி நிறுத்தியவர் மறுநாள் முதலிலிருந்து ஓட்டி ஓட்டி அந்த இடத்துக்குப் போக வேண்டும். நான் அரை மணி நேரத் துண்டுகளாக, ஒரு பாத்திரம் உள்ளே போய் அடுத்தது திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் இடத்தில் வெட்டிக் கொடுக்கிறேன்.

துண்டுகள் வரிசை மாறி ஓடுகின்றன. சூதாட்டத்துக்கு முன்பே துகில் உரிதல் வருகிறது.

பெயருக்கு 1, 2, 10 என்று வைத்தால் பல பிளேயர்கள் 1-க்கு அடுத்து 10-ஐத்தான் எடுக்கும். 01, 02, 10 என்று வையுங்கள். இன்னும் சில பிளேயர்கள் பெயரையே பார்ப்பதில்லை, கார்டில் எது முதலில் ஏறியதோ அதை முதலில் ஓட்டும். மொத்தமாகப் பிடித்து ஏற்றினால் கணினி தன் இஷ்டத்துக்கு எழுதும். கார்டைச் சுத்தமாக அழித்துவிட்டு, ஒன்று முடிந்த பின் அடுத்தது என்று வரிசையாக ஏற்றுங்கள். தமிழில் பெயர் வைத்தால் பல பிளேயர்களில் வெறும் கட்டங்கள் தெரியும். எண்ணே போதும்.

தமிழ் சப்டைட்டிலும் கட்டமாகத்தான் வருகிறது.

அதே காரணம், பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை. மாற்றும்போதே எழுத்தைப் படத்தின் மேல் பதித்துவிடுங்கள்.

2005 வாக்கில் நடந்த கல்யாணத்தின் சிடி இருக்கிறது. அதைப் பிளேயரில் ஏற்ற முடியுமா?

முடியும், சீக்கிரம் செய்யுங்கள். விசிடி என்றால் உள்ளே ஒரு ஃபோல்டரில் .dat என்று முடியும் கோப்பு இருக்கும். 352க்கு 288 புள்ளி, எம்பெக்-1. சிறிய திரைக்கு அந்த அளவே தாராளம், எச்.264-க்கு மாற்றினால் போதும். டிவிடி என்றால் விஓபி என்று முடியும் கோப்புகள், ஒவ்வொன்றும் ஒரு ஜிபி வரை. அவற்றைத் தனித்தனியாக மாற்றாமல் டிவிடியையே ஹேண்ட்பிரேக்கில் திறந்தால் ஒழுங்காக வரும். கல்யாண டிவிடிகளில் ஒரு சிக்கல் உண்டு. படம் ஒன்றை இரண்டு பாதிக் கோடுகளாகப் பிரித்துப் பதிந்திருப்பார்கள். கை அசையும்போது, தாலி கட்டும் விரல்களின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரியும். 'டிஇன்டர்லேஸ்' என்பதைப் போட்டால் போய்விடும்.

வட்டில் கீறல் இருந்தால் வேறு வேறு கணினிகளில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படித்திருக்கிறது.

மாற்றி ஏற்றியாகிவிட்டது. இனி மூல வீடியோவை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். பிளேயரில் இருப்பது நகல். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன், காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். சுருக்குப்பைக்குள் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பிளேயர். பேட்டரி உப்பி, பின் மூடி பிளந்திருந்தது. அவருடைய கணவர் துரியோதனன் வேடம் கட்டியவர், இறந்துவிட்டார். அவர் ஆடியது இந்த ஒரு பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது என்றார். பேட்டரியை மாற்றி ஓட்டினேன். ஏஎம்வி என்ற பழைய வகைக் கோப்பு, 160க்கு 120 புள்ளி. ஓர் ஆள் நிற்கிறார், தோள் நகை மின்னுகிறது, வாய் இருக்கும் இடத்தில் ஒரு நிழல், கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புத் திட்டுகள். உறவுக்காரப் பையன் கேமராவில் எடுத்ததை ஏதோ ஒரு கடையில் இந்த அளவுக்குச் சுருக்கி வாங்கி, இடம் வேண்டும் என்று கேமராவிலிருந்ததை அழித்திருக்கிறான்.

கண்ணை மட்டும் தெரியவைக்க முடியுமா என்று கேட்டார். என்னிடம் இருந்த எல்லா வழியிலும் முயன்றேன். பெரிதாக்கினால் திட்டுதான் பெரிதாயிற்று. சுருக்கும்போது வீசிய விவரம் வீசியதுதான். முடியாது என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் சற்று நேரம் திரையின் ஓரத்தை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, குரலையாவது பெரிய பெட்டியில் கேட்கும்படி செய்து தரச் சொன்னார். ஒலியை மட்டும் பிரித்து ஸ்பீக்கர் பெட்டிக்கு ஏற்றிக் கொடுத்தேன். குரல் நன்றாகவே இருந்தது.

ஆகவே மூலத்தை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று ஹார்ட் டிஸ்கில், இன்னொன்று வேறு வீட்டில். பென்டிரைவை வருடக்கணக்கில் பெட்டியில் போட்டு நம்பாதீர்கள், அவ்வப்போது எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

விடிய விடிய எடுத்தேன், படுகளம் நடக்கும்போது போன் அணைந்துவிட்டது. கோப்பு திறக்கவே இல்லை.

எம்பி4 கோப்பில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் போன் கடைசியில்தான் எழுதும். நடுவில் அணைந்தால் அட்டவணை இல்லாத புத்தகம் அது. அதே போனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று இருந்தால், அதை மாதிரியாக வைத்து மீட்கும் மென்பொருள்கள் உண்டு. பல தடவை மீட்டிருக்கிறேன். அந்தப் போனில் அதற்குப் பிறகு எதையும் பதியாமல் கொண்டு வாருங்கள். அடுத்த முறை கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள், ஒன்று போனாலும் மற்றவை நிற்கும்.

பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? எந்தச் சார்ஜர் போடலாம்?

பாட்டு கேட்கும் நேரத்தைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். வீடியோவுக்கு அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். 2005-இல் வந்த 30 ஜிபி ஐபாடுக்கே பாட்டு என்றால் 14 மணி, வீடியோ என்றால் 2 மணி என்றுதான் சொன்னார்கள். திரை வெளிச்சம்தான் அதிகம் தின்னும். இரவில் வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள்.

மலிவுப் பெட்டிகள் பலவற்றில் பிஎல்-5சி பேட்டரி இருக்கும். ஊர்ச் சந்தையில்கூடக் கிடைக்கும், கையாலேயே மாற்றலாம். மலைக்கிராமத்துக்கு இப்படிப்பட்டதையே வாங்கச் சொல்கிறேன். பேட்டரி உப்பினால் அன்றே கழற்றுங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள், ஓட்டு வீட்டின் பரண் சூட்டில் வேண்டாம்.

டைப்-சி துளை வைத்த புதுப் பெட்டி, போனோடு வந்த சார்ஜரில் ஏறவில்லை என்று நிறையப் பேர் வருகிறார்கள். இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில், எதிரே ஒரு சாதனம் இருக்கிறது என்று சார்ஜருக்குத் தெரிவிக்கும் சிறு மின்தடை பெட்டிக்குள் இருக்க வேண்டும். மலிவுப் பெட்டியில் அதை விட்டுவிடுகிறார்கள். மறுமுனை பழைய அகலமான யூஎஸ்பியாக உள்ள கேபிளைப் போட்டால் ஏறும்.

ஒகேனக்கல் பஸ்ஸில் பார்த்தால் குமட்டுகிறது.

வளைவில் உடம்பு திரும்புவதைக் காது உணர்கிறது, கண் அசையாத திரையைப் பார்க்கிறது. இரண்டும் முரண்படுவதால் வரும் குமட்டல் அது. மலைப்பாதையில் நிறுத்திவிட்டு வெளியே பாருங்கள்.

பஸ் இரைச்சலுக்கு மேல் கேட்கவேண்டும் என்று சத்தத்தை ஏற்றுவது காதுக்குக் கேடு. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை உள்ள இயர்போன் வாங்கினால் சத்தத்தைக் குறைத்தே கேட்கலாம். சின்னக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதற்காகப் பிளேயர் கேட்பவர்களுக்கு நான் விற்பதில்லை. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று அதே நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது.

புதுப்படம் ஏற்றித் தருவீர்களா?

மாட்டேன். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பிறர் உழைப்பை விற்க எனக்கு மனமில்லை.

கூத்துக்கும் இதே நியாயம்தான். ஆடுபவருக்குத் தன் நிகழ்ச்சியின் மேல் 50 ஆண்டு உரிமையைச் சட்டம் தருகிறது. எடுக்கும் முன் ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியாரிடம் கேளுங்கள். நான் கேட்ட யாரும் மறுத்ததில்லை. மாற்றி முடித்ததும் ஜமாவுக்கு ஒரு கார்டு கொடுங்கள். தாம் ஆடியதைத் தாமே பார்த்திராத கலைஞர்கள் நம் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள்.

கடைக்கு வரும்போது என்னென்ன கொண்டு வர வேண்டும்?

பிளேயர், அதன் கேபிள், கார்டு. வீடியோ எந்தப் போனிலோ கேமராவிலோ எடுக்கப்பட்டதோ அதுவும். வாட்ஸ்அப்பில் வந்ததைக் கொண்டுவராதீர்கள், அது ஏற்கெனவே சுருங்கியது. எடுத்தவரிடமே கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பரணில் பழைய கேமரா காசெட் இருந்தால், பூசணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, துடைக்காமல் அப்படியே எடுத்து வாருங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் பாரதம் நடக்கும் ஊர்களுக்கு நானே போய்விடுவேன். அந்த மாதங்களில் கடை மாலையில் மட்டும் திறந்திருக்கும்.